420 சதுர அடி வீட்டில் பச்சைக் குழந்தைக்கு எது வேண்டும்: தொட்டிலா, தூளியா, பாயா?

வேளச்சேரிவாசி

மனைவிக்கு எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருப்பதால் பிரசவமும் அதற்குப் பிந்தைய மாதங்களும் சென்னையில்தான். என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு மாதம் இருப்பார்.

வாடகை வீடு, 420 சதுர அடி. ஒரு ஹால், பத்துக்குப் பத்து படுக்கையறை, சமையலறை, அவ்வளவுதான். கட்டில் ஒரு சுவரோரம், இரும்பு பீரோ எதிர்ச்சுவரில். நடுவில் மூன்றரை அடி. அதில் நாலுக்கு இரண்டு அடித் தொட்டிலைப் போட்டால் பீரோவைத் திறந்து நிற்க இடமில்லை.

கடையில் மரத்தொட்டில், டயபர் மாற்றும் மேசை, குழந்தை அலமாரி மூன்றும் சேர்த்து 38,000 ரூபாய் சொன்னார்கள். என் கையில் இருப்பது 15,000. அம்மா "ஒரு கொக்கியும் பழைய சேலையும் போதும்" என்கிறார். மனைவி "இரவில் பிள்ளை சமமான இடத்தில் படுக்க வேண்டும்" என்கிறாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தெரிகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை

தம்பி, உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள். மூன்று பிள்ளை வளர்த்தவள் நான். மூன்றும் தூளிதான். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த நூல்சேலை, அதற்கு ஈடான மெத்தை எந்தக் கடையிலும் கிடையாது. காற்று உள்ளே போகும், மூத்திரம் தங்காது, எறும்பு ஏறாது. கரண்ட் போன இரவில் மரத்தொட்டிலில் பிள்ளை வேர்த்துக் கிடக்கும். தூளியில் லேசாக ஒரு ஆட்டு ஆட்டினால் போதும்.

முக்கியமாக, பகலில் தூளியை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டால் வீட்டில் இடம் அடைக்காது. உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? டயபர் மாற்ற மேசை எதற்கு? தரையில் ரப்பர் ஷீட்டை விரித்து மாற்றினால் பிள்ளை எங்கிருந்தும் விழாது.

இரவுப்பணி

பச்சிளம் குழந்தைகள் வார்டில் 11 வருடமாகச் செவிலியாக வேலை பார்க்கிறேன். மேசை வேண்டாம் என்பதில் அக்காவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தூளி விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை.

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தூளியில் படுத்தால் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் ஒட்டும். அப்போது மூச்சுப்பாதை குறுகிவிடும். இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், மூச்சு முட்டுகிற சிசு வீறிட்டு அழாது. சத்தமே வராது. தூங்குகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தூளியின் இரண்டு பக்கமும் துணி முகத்தருகே வந்து மூடியிருப்பதால் எட்டிப் பார்க்காமல் தெரியவும் தெரியாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் திருத்திய வழிகாட்டுதல் இதுதான்: கெட்டியான, சமமான, சரிவில்லாத படுக்கை, மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணை, போர்வை, பொம்மை எதுவும் அருகில் இல்லாமை, முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கை. அங்கே 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியது அதில் பெரும் பங்கு வகித்தது.

கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் நம் கண்முன்னே சிறிது நேரம் குப்புறப் போட்டாலே தலை தட்டையாவது குறையும்.

நெல்லைச்சீமை

அம்மா, நீங்கள் படித்தவர், நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்தவர். மதிக்கிறேன். ஆனால் இந்த மண்ணில் தூளியில் தூங்காத தலைமுறை உண்டா? அமெரிக்காவில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு வேலையாகப் போவார்கள். நம் வீட்டில் தூளிக் கயிறு யாராவது ஒருவர் கையில் இருக்கும். எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். குறுக்கே தொட்டில் கம்பு கொடுத்து விரித்துவிட்டால் துணி முகத்தில் படாது. சேலையை இறுக்கமாகக் கட்டினால் முதுகு அவ்வளவு வளையவும் வளையாது. கட்டத் தெரியாமல் கட்டுவதற்குத் தூளி என்ன செய்யும்?

அப்புறம் வயிற்று வலியில் முறுக்கிக்கொண்டு மணிக்கணக்காக அழும் பிள்ளையை, உங்கள் சமமான படுக்கையில் போட்டுத் தூங்க வைத்துக் காட்டுங்கள்.

இரவுப்பணி

அக்கா, "யாராவது ஒருவர் கையில் கயிறு" என்றீர்களே, அதுதான் கேள்வி. உங்கள் வீட்டில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று ஆள் மாற்றி ஆள் இருந்திருப்பார்கள். இந்தத் தம்பி வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகு இரண்டே பேர். இரவு மூன்று மணிக்கு, நாலாவது முறையாகப் பால் கொடுத்த தாய், பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுக் கண் அசந்துவிடுவாள். அந்த இரண்டு மணி நேரம் யார் எட்டிப் பார்ப்பது?

அழுகிற பிள்ளையைத் தூளியில் ஆட்டி அமர்த்துங்கள், விழித்த கண்ணோடு பக்கத்தில் இருங்கள். அதை நான் தடுக்கவே இல்லை. தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் போடுங்கள். இரவுத் தூக்கம் தூளியில் வேண்டாம். இவ்வளவுதான் என் வாதம்.

ஈரோட்டுக்காரி

தூளியும் வேண்டாம், தொட்டிலும் வேண்டாம் என்பது என் கட்சி. பிள்ளை தாயின் பக்கத்தில் படுக்கட்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் என் அருகில்தான். பசித்தால் அழுவதற்கு முன்பே தெரிந்துவிடும், எழுந்து நடக்க வேண்டியதில்லை. தாய்ப்பால் மருத்துவத்துக்கான கழகம் ஒன்று இருக்கிறது. அது 2020இல் வெளியிட்ட நெறிமுறை, ஆபத்துக் காரணங்கள் இல்லாத வீட்டில் பாலூட்டும் தாய் பிள்ளையோடு படுப்பதே மரணத்துக்குக் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது என்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் சொல்வது மட்டும்தான் அறிவியல் என்பதில்லை.

இரவுப்பணி

நீங்கள் சொல்லும் அந்த நெறிமுறை உண்மைதான். அது எண்ணிச் சொல்லும் ஆபத்துகளையும் சேர்த்துப் படியுங்கள்: புகைப்பவர், குடித்தவர், தூக்க மாத்திரை எடுத்தவர் பக்கத்தில் கூடாது, குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் கூடாது, சோபாவில் பிள்ளையோடு தூங்குவது எல்லாவற்றையும்விட மோசம். அதோடு மெத்தையும் கெட்டியாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தை, உடல் படும் இடமெல்லாம் பள்ளம். மூன்று கிலோப் பிள்ளை அந்தப் பள்ளத்தில் அம்மா பக்கம் உருண்டு வரும். ஐந்தடி அகலக் கட்டிலில் இரண்டு பேர் ஏற்கெனவே படுக்கிறார்கள் என்பதையும் நினையுங்கள்.

ஈரோட்டுக்காரி

கட்டில் என்று நான் சொல்லவே இல்லையே. நாங்கள் படுத்தது தரையில், கோரைப்பாயும் மேலே மடித்த ஜமுக்காளமும். அதைவிடக் கெட்டியான, சமமான படுக்கை எது? உருண்டாலும் விழ உயரமில்லை. சின்ன வீட்டுக்காரர்கள் கட்டிலைத் தூக்கிப் போட்டாலே பாதி இடம் மிஞ்சும்.

பெருங்குடி அம்மா

பாய் யோசனையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. எனக்கு சிசேரியன். முதல் மூன்று வாரம் தரையிலிருந்து எழுவது என்பது, தையல் இழுக்க, சுவரைப் பிடித்து, ஒருக்களித்து, முழங்கால் ஊன்றி... ஒரு இரவில் ஐந்து முறை அப்படி எழுந்திருக்கிறேன். வலியில் அழுதிருக்கிறேன். பிள்ளைக்கு என்ன வாங்குவது என்றே எல்லோரும் பேசுகிறோம். பெற்றவளுடைய வயிறும் முதுகும் இந்தக் கணக்கில் வர வேண்டாமா?

என் அனுபவத்தில் சொல்கிறேன். எங்களுக்கு ஆகப் பயன்பட்ட மரச்சாமான் கைப்பிடி வைத்த ஒரு சாதாரண நாற்காலி. பழைய சாப்பாட்டு மேசை நாற்காலிதான். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு மணைப்பலகை. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை அதில் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். அதை யாரும் வாங்கச் சொல்லவில்லை. 14,000 கொடுத்து வாங்கிய தொட்டிலில் பிள்ளை படுத்தது ஒன்றரை மாதம். அப்புறம் துவைத்த துணி குவிக்கும் இடமாகிவிட்டது. அந்தப் பணத்துக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

தச்சன்மகன்

அப்பா தச்சர், நானும் பட்டறையில்தான். தொட்டில் நிறையச் செய்திருக்கிறோம், அதைவிட நிறையப் பழுதுபார்த்திருக்கிறோம்.

தூளி கட்டுவதென்றால், தயவுசெய்து பால்ஸ் சீலிங்கில் கொக்கி போடாதீர்கள். மின்விசிறிக் கொக்கியில் விசிறியோடு சேர்த்துத் தொங்கவிடுவதும் கூடாது. பழைய வீடுகளில் உத்தரத்திலோ கான்கிரீட்டிலோ சேர்த்தே வார்த்த கொக்கி இருக்கும். அது இல்லாவிட்டால் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும், வாடகை வீட்டில் அதற்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும். போட்டதும் பெரிய ஆள் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். ஸ்டாண்டு என்றால் கால் அகலமாக இருப்பதை மட்டும் எடுங்கள். ஸ்பிரிங் மாட்டினால் அதோடு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள். ஸ்பிரிங் அறுந்தால் அது தாங்கும்.

பிள்ளை படுக்காத நேரம் சேலையைத் தொங்கவிடாதீர்கள். பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிப் போன செய்திகளை வருடா வருடம் படிக்கிறோம்.

மரத்தொட்டில் என்றால் கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் கூடாது, பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று அர்த்தம். ஒரு பக்கம் சறுக்கி இறங்கும் மாதிரியை அமெரிக்காவில் 2011இலேயே தடை செய்துவிட்டார்கள். திருகு தேய்ந்து அந்தப் பக்கம் கழன்றால் இடுக்கில் பிள்ளை சிக்கும்.

தாத்தா காலத்துத் தொட்டில் கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் பெயின்டைப் பாருங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய நிறத்தொட்டிலைப் பல் முளைக்கும் பிள்ளை கடிக்கும். வீட்டில் வைத்து நீங்களே சுரண்டாதீர்கள், அந்தத் தூசு இன்னும் கெடுதல்.

பெட்டகம்

இன்னொரு கோணம். பின்லாந்தில் 1938இலிருந்து வசதி குறைந்த தாய்மார்களுக்கும், 1949இலிருந்து எல்லாத் தாய்மார்களுக்கும் அரசு ஓர் அட்டைப்பெட்டி கொடுக்கிறது. உள்ளே துணிமணி, அடியில் சின்ன மெத்தை. அந்தப் பெட்டியிலேயே எத்தனையோ பிள்ளைகள் முதல் மாதங்களைத் தூங்கிக் கழித்திருக்கிறார்கள். நம் மாநிலத்திலும் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 2015இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள். சின்னப் படுக்கை உண்டு, கொசுவலை உண்டு, நகவெட்டி உண்டு, கிலுகிலுப்பைகூட உண்டு. மரச்சாமான் ஒன்றும் இல்லை. பிறந்த பிள்ளை 50 செ.மீ. நீளம். அதற்கு நாலடித் தொட்டில் முதல் நாளே எதற்கு?

இரவுப்பணி

இதை ஏற்கிறேன். எனக்கு வேண்டியது சமதளமும் கெட்டி மெத்தையும்தான், மரம் இல்லை. அந்த வலையையும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் டெங்கு பருவத்தில் குடை மாதிரி விரியும் கொசுவலை தொட்டிலைவிட அவசரமான பொருள்.

நெல்லைச்சீமை

கொசுவலைக்கு நானும் சரி என்கிறேன். பகல் தூக்கத்துக்குத் தூளியை விடச் சொன்னால் மட்டும் விடமாட்டேன்.

வேளச்சேரிவாசி

எல்லோருக்கும் நன்றி. அலுவலக நண்பர் வீட்டில் ஒரு சின்னக் கட்டில்-தொட்டில் சும்மா கிடக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு பக்கம் திறந்திருக்கும், எங்கள் கட்டிலோடு சேர்த்து இறுகக் கட்டலாம். கம்பி இடைவெளி அளந்தேன், ஐந்தரை செ.மீ. கட்டிலுக்கும் இதற்கும் நடுவே இடுக்கு விழாதபடி உயரம் சரிசெய்ய முடிகிறது. மெத்தை மட்டும் கெட்டியாகப் புதிதாக வாங்குகிறோம். குடை வலை வாங்கியாகிவிட்டது. கைப்பிடி நாற்காலி ஹாலில் இருக்கிறது, படுக்கையறைக்கு வந்துவிடும். பிள்ளைத் துணிக்கு பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்கிறோம்.

அம்மாவிடம் தூளி பகலில் மட்டும், தூங்கியதும் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். "தூங்குகிற பிள்ளையை எடுத்தால் முழித்துக்கொள்ளாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரவுப்பணி

முழித்துக்கொள்ளும் தம்பி, சில நாள் முழித்துக்கொள்ளும். அம்மாவிடம் மறைக்காமல் அதையே சொல்லுங்கள். கண் மூடியதும் எடுக்காமல் பத்து நிமிடம் பொறுத்து, கை துவண்டு விழுகிறதா என்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். கிடத்தும்போது முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை. நெஞ்சின் மேல் வைத்த கையை உடனே எடுக்க வேண்டாம்.

நெல்லைச்சீமை

அந்தக் கை விஷயம் சரி. நானும் அப்படித்தான் செய்வேன். தம்பி, சேலை மட்டும் அம்மாவுடையதாக இருக்கட்டும், ஊரிலிருந்து வரும்போதே இரண்டு எடுத்து வரச் சொல்லுங்கள். ஒன்று நனைந்தால் மாற்ற வேண்டும்.