புதுப்பிப்பு: ஆன்லைன் மார்க்கெட்டிங் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் பயிற்சித் திட்டங்களில் சேரலாமா என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி.

கமிஷன் விவரத்தை முதலில் கேளுங்கள். ஆள் சேர்ப்பதில்தான் பெரும்பங்கு வருமானம் என்றால் பாடம் வெறும் போர்வை. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இப்படி ஆள் சேர்ப்பதை வைத்தே ஓடும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. சிஐபிசி (கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு எண்ணைக் காட்டுவார்கள். கம்பெனி இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, பாடத்தின் தரத்துக்கு அல்ல.

பலர் கேட்ட ரீஃபண்ட் விஷயம்: மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, ஆன்லைனில் வாங்கிய சேவையை 7 நாளுக்குள் ரத்து செய்யலாம், ரத்து செய்த 30 நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வேண்டும். ஆனால் உங்கள் சம்மதத்தோடு அந்த 7 நாளுக்குள் வகுப்பு தொடங்கிவிட்டால் அந்த உரிமை போச்சு. கட்டிய கையோடு "இப்பவே லாகின் பண்ணுங்க" என்று விரட்டினால் உஷார்.

கூகுளில் விளம்பரம் செய்யும் கூகுள் ஆட்ஸ் பாடம், கூகுளின் சொந்தப் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசம். அதையே ரேண்டுக்கு விற்கிறார்களா என்று பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.