பாப்ரிகா ஊர்வலம் யாருக்கெல்லாம் இன்னும் காதில் ஓடுகிறது?

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் சதோஷி கோனின் 'பாப்ரிகா' (2006) படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பாதிக் கதை பிடிபடவே இல்லை. அடுத்தவர் கனவுக்குள் நுழைய ஒரு கருவி இருக்கிறது, அது திருடு போகிறது. அதுவரை சரி. அதற்கப்புறம் யார் கனவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்த ஊர்வலம்! ஃப்ரிட்ஜ் வருகிறது, வாத்தியம் வாசிக்கும் தவளைகள் வருகின்றன, கையாட்டும் பூனைப் பொம்மை வருகிறது. வீட்டில் வேண்டாமென்று தூக்கிப் போட்டதெல்லாம் வேஷம் கட்டிக்கொண்டு திரும்பி வந்த மாதிரி. பின்னணியில் சுசுமு ஹிராசவாவின் இசை. திருவிழாவுக்கான இசையா, மிரட்டலா என்று பிரிக்க முடியாது. சிரித்துக்கொண்டே இருந்தவன் ஒரு கட்டத்தில் பயந்துவிட்டேன்.

படம் முடிந்த பிறகு தேடிப் படித்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. இந்தப் படத்தின் இசையில் 'லோலா' என்ற வோக்கலாய்டு மென்பொருளின் குரலும் இருக்கிறது. கணினியில் உருவான பாட்டுக் குரலைத் திரைப்பட இசையில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர்களில் ஹிராசவாவும் ஒருவராம். இன்னொன்று, இசைக்கோவையைத் தொகுத்தது பழைய அமிகா கணினியில். அதைத் தயாரித்த கம்பெனி 1994-லேயே திவாலாகிவிட்டது! அவர் பாட்டுக்கு அதிலேயே வேலை பார்த்திருக்கிறார். எனக்கு மனுஷனை இன்னும் பிடித்துப்போனது அப்போதுதான்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நான் இதற்கு நேர் எதிர்த் திசையில் வந்தவள். முதலில் ஹிராசவா, பிறகுதான் கோன். 1979-இல் அவர் தொடங்கிய 'பி-மாடல்' குழுவின் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கோனின் 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' படத்துக்கும் இவர்தான் இசை என்று தெரிந்தது. ஒரு நடிகை தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, நடித்த படங்களும் நிஜமும் ஒன்றாகக் கலந்துவிடும். பேட்டி எடுக்க வந்தவரும் கேமராக்காரரும் அந்தக் காட்சிகளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். அவள் ஓடும்போதெல்லாம் இசையும் மூச்சிரைக்க ஓடும். இரவு பஸ்ஸில், ஹெட்போனில் பார்த்தேன். கடைசிக் காட்சியில் அழுததைப் பார்த்து, பக்கத்து சீட் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கார்ட்டூன் படம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, தலைவலி என்றேன்.

கோன் 2010-இல் 46 வயதிலேயே போய்விட்டார். இவர்கள் இரண்டு பேரும் இன்னும் நாலு படம் சேர்ந்து செய்திருக்கலாம்.

*

கோனின் 'பாரனோயா ஏஜென்ட்' தொலைக்காட்சித் தொடரை இங்கே எழுதிய யாருமே சொல்லவில்லையே? 2004-இல் வந்தது, 13 பகுதிகள். தொடக்கப் பாட்டில் ஒவ்வொருவராக நின்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருவர் பின்னால் அணுகுண்டுப் புகையே எழும்பும். ஹிராசவா அதற்குப் போட்டிருப்பதோ உற்சாகமான பாட்டு. அதைக் காலை அலாரமாக வைத்திருந்தேன். ஒரு வாரம் பொறுத்த அறைத்தோழன், எட்டாம் நாள் தன் பாயை ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.