புதுப்பிப்பு: 1.8 டெராபைட் தரவைப் புதிய வட்டுக்கு மாற்றியாயிற்று. சேவை நின்றது 11 நிமிடம்

லினக்ஸ் சர்வரில் நிரம்பி வழிந்த பழைய வட்டிலிருந்து கோப்புகளைப் புதிய சேமிப்பகத்துக்கு, சேவையை அதிகம் நிறுத்தாமல் எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தேன். ஞாயிறு அதிகாலை வேலை முடிந்தது. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கருவியைப் பல தவணைகளில் ஓட்டச் சொன்ன யோசனை. சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகல் எடுத்தேன். 9 மணி நேரம் பிடித்தது. மறுநாள் மீண்டும் ஓட்டியபோது மாறியவை மட்டுமே நகர்ந்தன. பிறகு சேவையை நிறுத்தி, பழைய வட்டில் இல்லாத கோப்புகளைப் புதியதிலிருந்தும் நீக்கும் டெலீட் விருப்பத்தோடு இறுதி ஓட்டம். தரவுத்தளக் கோப்புகளைப் பொறுத்தவரை இந்தக் கடைசி ஓட்டத்தைத்தான் நம்பலாம். ஓடும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கக்கூடும். சேவை ஓடும்போதே தரவை வட்டு விட்டு வட்டு நகர்த்தும் பிவிமூவ் (pvmove) கட்டளை யோசனையும் நல்லதே, ஆனால் அதற்குத் தேவையான எல்விஎம் (LVM) என்ற வட்டு மேலாண்மை அமைப்பில் எங்கள் பழைய வட்டு இல்லை.

எதிர்பாராத ஒன்று: முதல் முயற்சியில் புதிய வட்டு 3 டெராபைட்டைத் தாண்டி நிரம்பிக்கொண்டே போனது. பதறிப்போய் நிறுத்தினேன். காரணம் ஹார்டு லிங்க்குகள். எங்கள் தினசரி காப்பு நகல்களில் ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருந்தன. நான் பயன்படுத்திய, ஆர்சிங்க்கின் வழக்கமான 'ஏ' (-a) விருப்பம் அந்தப் பிணைப்பைக் காப்பதில்லை. ஒவ்வொரு பெயரையும் தனிக் கோப்பாக எழுதிவிடுகிறது. பிணைப்பைக் காக்கும் பெரிய எழுத்து 'எச்' (-H) விருப்பத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கிய பிறகே அளவு 1.8 டெராபைட்டில் நின்றது. இந்த விருப்பத்தால் ரேம் நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

தொடங்கும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், பழைய வட்டின் யுயுஐடி (UUID) என்ற அடையாள எண்ணைப் புதிய வட்டினுடையதாக மறுதொடக்கத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பழைய வட்டை இன்னும் ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருக்கப்போகிறேன்.