குளக்கரையில் அடைகாக்கும் காட்டுத்தாரா: தோப்பு வேலையை எப்படி நடத்துவது?

எழுதியவர்: தோப்புக்காரர், பெரியபட்டினம் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. கிணற்று நீர் உவர்ப்பாக மாறிய பிறகு, மழைநீரைத் தேக்குவதற்காக என் தகப்பனார் தோப்பின் நடுவே அரை ஏக்கரில் வெட்டிய குளத்தில் இப்போது கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு காட்டுத்தாராக்கள் அங்கே வந்து தங்கின. சென்ற வாரம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவர், மேற்குக் கரையின் கோரைக்குள் ஆறு முட்டைகளைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து எட்டு இருந்தன. அப்போது பறவை கூட்டில் இல்லை. முட்டைகள் குளிர்ந்து கிடந்தன.

இவை சைபீரியாவிலிருந்து வந்த காட்டு வாத்துகள் என்றும், தாய் விட்டுப் போய்விட்டதால் முட்டைகளைத் தன் கோழிக்கு அடை வைத்துக் குஞ்சு பொரிக்கலாம் என்றும் பக்கத்துத் தோப்புக்காரர் சொல்கிறார். கரைப் புல்லை அறுக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை வலை இழுத்து மீனின் வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். பறவைகள் மீன்குஞ்சுகளைத் தின்றுவிடுமோ, எச்சத்தால் தண்ணீர் கெட்டுவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. ஆயினும் தாமாகத் தேடி வந்து முட்டையிட்ட உயிர்களைத் துரத்த எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பறவை நோக்குநர், இராமநாதபுரம்

ஐயா, அலகு கறுப்பாகவும் அதன் நுனி மஞ்சளாகவும் அடியில் இரு சிவப்புப் புள்ளிகளும் இருந்தால், தாங்கள் பார்த்தது புள்ளி மூக்கு வாத்து. அது வலசை வந்த பறவையன்று. ஆண்டு முழுவதும் நம் கண்மாய்களிலேயே வாழ்வது. தென்னாட்டில் கார்த்திகை, மார்கழியை ஒட்டி, நீர்நிலைகள் நிறைந்திருக்கும்போது முட்டையிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய வாத்து என்றால் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் வரித்தலை வாத்தைச் சொல்லலாம். ஆனால் அது லடாக், திபெத் போன்ற உயர்ந்த நிலங்களின் ஏரிக்கரைகளில் முட்டையிடுமே தவிர, இங்கே கூடு கட்டுவதில்லை.

முட்டை குளிர்ந்திருந்ததால் தாய் கைவிட்டுவிட்டது என்று கருத வேண்டாம். நாளுக்கு ஒன்றாக முட்டையிட்டு, கடைசி முட்டையும் வந்த பிறகே பெட்டை அடையில் அமரும். அதற்கு முன் கூட்டில் தங்காதது அதன் இயல்பு. அடையில் அமர்ந்த பிறகும், மார்பின் மென்தூவியால் முட்டைகளை மூடிவிட்டுச் சிறிது நேரம் இரைக்குப் போய் வரும். கடைசி முட்டை வரும் வரை அடையைத் தள்ளிப்போடுவது, எல்லாம் ஒரே நேரத்தில் பொரிப்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. நம் வீட்டு அடைக்கோழியும் அப்படித்தானே?

ஏறத்தாழ 24 நாள் அடை. பொரித்த மறுநாளே தாய் குஞ்சுகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போய்விடும். ஆகவே தாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரு கரையும் ஒரு மாதமும்தான். மற்ற மூன்று கரைகளிலும் புல் அறுக்கலாம். கூட்டுக்குப் போகும் தடம் மட்டும் விழக்கூடாது. நாம் தினமும் நடந்து பார்க்கும் வழியே கீரிக்கும் நாய்க்கும் வழியாகிவிடும். காகமும் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எதிர்க்கரையிலிருந்து பாருங்கள்.

பக்கத்துத் தோப்புக்காரரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். நிலம் பட்டா நிலமானாலும் அதற்கு விலக்கு இல்லை. கோழியிடம் பொரிக்கும் குஞ்சு கோழியையே தாயென்று நினைத்து வளரும் என்பதால், அதைப் பின்னர் குளத்தில் விட்டாலும் பிழைப்பது அரிது.

மறுமொழி 2: மீன் வளர்ப்பவர், தேவிபட்டினம்

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். மீனைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தத் தாரா தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிப் பாசியையும் நீர்ச்செடியின் விதையையும் மேயும். இடையிடையே நத்தையும் பூச்சியும் எடுக்கும். மீனைக் குறைப்பது நீர்க்காகம். எச்சத்தைப் பொறுத்தவரை, மீன் குளத்தில் வாத்தும் சேர்த்து வளர்ப்பவர்கள் ஒரு ஹெக்டேருக்கு 200 முதல் 300 வாத்து வரை விடுவது வழக்கம். அந்தக் கணக்கில் அரை ஏக்கருக்கு நாற்பது வாத்துக்கு மேல் தாங்கும். தாயும் பத்துக் குஞ்சுகளும் எம்மாத்திரம்? தண்ணீர் கரும்பச்சையாகி, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், அதற்குப் பெரும்பாலும் நாம் போடும் அதிகப்படியான தவிடும் சாணமுமே காரணம்.

மார்கழி வலையை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஒரு மாதம் வளர்ச்சி பார்க்காமல் இருப்பதால் பங்குனி அறுவடை கெடாது. நீர்க்காகத்துக்குப் பயந்து குளத்தின் மேல் நைலான் வலை கட்டியிருந்தால் அதையும் அவிழ்த்துவிடுங்கள்; அதில் கால் சிக்கினால் தாரா மீளாது.

மறுமொழி 3: பண்ணை வீட்டுப் பெண், திருப்பாலைக்குடி

அண்ணன், உங்கள் குளம் மண் கரையா, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டதா என்று எழுதவில்லை. இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுக்கு முன் எங்கள் பண்ணைக்குட்டையில் ஏழு குஞ்சுகள் இறங்கின. விரிப்பு வழுக்கியதால் அவற்றால் கரையேற முடியவில்லை. தாய் மேலே நின்று கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டோம். குஞ்சின் தூவி நனைந்து ஊறினால் உடல் குளிர்ந்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் இரண்டுதான் உயிரோடு இருந்தன. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு கயிற்றுப்பாயைக் கரையிலிருந்து நீருக்குள் சரிவாகத் தொங்கவிட்டு, மேல்முனையை முளையில் கட்டி வைத்திருக்கிறோம். மண் கரையானாலும் செங்குத்தாக இருந்தால் இரண்டு தென்னை மட்டைகளைச் சரிவாகச் சாய்த்து வையுங்கள். மட்டை நீர்மட்டத்துக்குக் கீழேயும் ஓரடி இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் குறையக் குறைய அதையும் இறக்க வேண்டும். அரிசியோ சோறோ போடாதீர்கள். அதற்கு வீட்டுக்கோழியும் காகமும் சேர்ந்து வரும். பறவைக்காய்ச்சல் இரு பக்கமும் பரவ அதுவே வழியாகிவிடும்.

எழுதியவர்: தோப்புக்காரர்

மூவருக்கும் நன்றி. அலகில் நீங்கள் சொன்ன புள்ளிகளை எதிர்க்கரையிலிருந்து பார்த்துவிட்டேன். எங்களுடையது மண் கரை. கிழக்குப் பக்கம் மட்டும் செங்குத்தாக இருந்ததால் இன்று அங்கே மூன்று மட்டைகளைச் சாய்த்தோம். புல் அறுப்பவரிடம் மேற்குக் கரைக்குத் தை பிறக்கும் வரை போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காவல் நாயை இரவில் கட்டி வைக்கிறோம். பக்கத்துத் தோப்புக்காரர் முதலில் வருத்தப்பட்டாலும், சட்டத்தைச் சொன்னதும் தன் நாயையும் கட்டுவதாக ஒப்புக்கொண்டார். நேற்று மாலை பெட்டை கோரைக்குள் நுழைந்தது. இருட்டும் வரை வெளியே வரவில்லை. அடையில் அமர்ந்துவிட்டது என்றே எண்ணுகிறேன். நேற்றையிலிருந்து நாளைக் குறித்து வைத்திருக்கிறேன்.