புதுப்பிப்பு: பருப்பைத் தொடாத ஐந்து வயது மகளுக்குப் புரதம்

மூணு மாசம் முன்னாடி, சைவ வீடு, பொண்ணு சாம்பாரில் பருப்பு தெரிந்தாலே தட்டைத் தள்ளுகிறாள், புரதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முளைகட்டிய பயறு எடுபடவில்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் வரிசையாக அடுக்கி வைத்தாள். சோயா உருண்டையை அவள் அப்பா மட்டும் சாப்பிட்டார். வேலை செய்தது அடை யோசனைதான்: அரிசி ஒரு பங்கு, கடலை, துவரை, உளுந்து மூன்றும் சேர்த்து ஒரு பங்கு, நைசாக அரைத்து, ஓரம் முறுகலாக, மேலே வெல்லம். அப்புறம் இட்லிக்குப் பொட்டுக்கடலைப் பொடியும் நெய்யும்.

எதிர்பாராதது என்னவென்றால், புரதம் குறையவே இல்லையாம். ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் 4 முதல் 6 வயதுக்கு நாளைக்குச் சுமார் 16 கிராம், இவள் குடித்த மூணு டம்ளர் பாலே (600 மி.லி.) கிட்டத்தட்ட 19 கிராம். டாக்டர் ரத்தம் பார்த்ததில் இரும்புச்சத்துதான் குறைவு, பால் வயிற்றை அடைத்துச் சோற்றைத் தடுத்திருக்கிறது. பாலை இரண்டு டம்ளராக்கி, இரும்புச்சத்து சிரப் கொடுத்து, அந்தச் சத்து உடம்பில் சேர சுண்டலில் எலுமிச்சை பிழிகிறோம். இப்போது தானாகப் பசிக்கிறது என்கிறாள். மலச்சிக்கலும் போய்விட்டது, அதை நான் கேட்கவே இல்லை!