கைபேசி கையில் இல்லாத நேரம்: உங்களை இன்னும் விடாத ஓர் அனுபவம்

வைகைக்கரை எழுதியது:

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிய பிறகு, உயர்நீதிமன்ற உத்தரவின்படி வந்த தடை அது. அம்மாவின் தலைத்திவசம் முடிந்த பின் அப்பாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். இருவர் கைபேசிகளையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு, தரிசனம் முடித்துப் பொற்றாமரைக் குளத்துப் படியில் அமர்ந்தோம். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் கை மட்டும் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. அப்போது அப்பா என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "நீ காலையில அனுப்புற வணக்கப் படத்துக்கெல்லாம் உடனே பதில் போடுறேனே, பாத்திருக்கியா? முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ கூப்பிடுவேன்னுதான்."

வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக, இரவு முழுவதும் யூடியூபை ஓடவிட்டு அதன் பக்கத்தில் படுத்துக்கொள்வதையும் அன்றுதான் சொன்னார். உறக்கம் வருகிறதா என்று கேட்டேன், வருவதில்லை என்றார். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. கைபேசிகள் எங்களிடம் இருந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஒரேயடியாக நின்றுபோனது நினைவிருக்கும். அன்று எனக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப்பணி. வெளியே நீளப் பெஞ்சில் நோயாளிகளின் உறவினர்கள் வழக்கம்போல் குனிந்த தலையுடன் அமர்ந்திருந்தார்கள். முதல் அரைமணி நேரம் கைபேசியை அணைப்பதும் போடுவதும், என்னிடம் வந்து "சிஸ்டர், உங்களுக்காவது நெட் வருதா?" என்று கேட்பதுமாக இருந்தார்கள். மருந்து கொடுத்துவிட்டு நள்ளிரவில் நான் வெளியே வந்தபோது, பல நாள்களாக அடுத்தடுத்து அமர்ந்திருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு பெண்கள் ஒரே பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அறந்தாங்கிப் பக்கத்து அக்கம்பக்க ஊர்க்காரர்கள் என்பது அப்போதுதான் தெரியவந்திருக்கிறது. அதில் மூத்தவர் மற்றவரைப் பார்த்து, "நீ கொஞ்சம் படு, டாக்டர் கூப்பிட்டா நான் எழுப்புறேன்" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த இளைய பெண் அங்கே வந்த நாளிலிருந்து படுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால், வைகைக்கரை அவர்கள் சொல்வதிலிருந்து ஒன்றில் மாறுபடுகிறேன். கைபேசி இல்லாமை தானாக எதையும் தந்துவிடாது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். இந்தப் பெண்ணுக்கு அந்த அம்மா இருந்தார். யாரும் இல்லாத வீட்டில் உங்கள் அப்பா யூடியூபை நிறுத்தியிருந்தால் அந்த இரவு இன்னும் கொடியதாகத்தான் இருந்திருக்கும்.

பட்டுக்கோட்டைத் தென்னை எழுதியது:

இரவுப்பணி சொல்வதை நான் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவேன். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடியலில் எங்கள் பகுதியில் மின்சாரமும் கைபேசிச் சமிக்ஞையும் சேர்ந்தே போயின. தோப்பில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அதை நான் பார்த்தது கூட அப்புறம்தான். வேதாரண்யத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியவில்லை. கடைத்தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்துக் காசுக்குச் சார்ஜ் போட்டுக்கொடுத்தார். அந்த வரிசையில் நின்று, சார்ஜ் ஏறிய கைபேசியைச் சமிக்ஞை கிடைக்கும் பாலத்துக்கு எடுத்துப்போய் நான் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தபோது, "அண்ணே, நாங்க பள்ளிக்கூடத்துல இருக்கோம்" என்று அவள் அனுப்பிய குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அந்தத் திரையைப் பார்த்து நான் அழுத அழுகையை என் மனைவி இன்றும் சொல்வாள்.

ஆகவே, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்து, நம்முடையவர்கள் நலமாக இருப்பதையும் அறிந்து, நாமே கீழே வைக்கும் கைபேசிதான் மனத்துக்கு ஓய்வு தரும். பறிபோனதை ஓய்வு என்று சொல்லாதீர்கள்.

பழைய மாணவர் எழுதியது:

சென்னைத் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது தியான மையத்தில் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போயிருந்தேன். போனவர்களுக்கு விதிகள் தெரியும்: கைபேசியை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும், புத்தகமும் பேனாவும்கூடக் கூடாது, அதிகாலை நான்கு மணிக்கு மணியடிக்கும், யாருடனும் பேச்சில்லை. தொடக்க நாள்களில் தியானத்தில் அமர்ந்தால், என் வலத் தொடையில், கைபேசி வழக்கமாக இருக்கும் அதே இடத்தில், அதிர்வு வந்துகொண்டே இருந்தது. அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் மூச்சு அறுபட்டது. எத்தனை ஆண்டுகளாக என் உடம்பு யாருடைய அழைப்புக்கோ காத்துக்கொண்டே இருந்திருக்கிறது என்று அப்போது விளங்கியது. பிறகு ஒரு மாலை, உணவுக்கூடத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்தபோது, அந்த அதிர்வு நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அது திரும்பிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது எல்லா அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்தி, அழைப்பு மணியை மட்டும் வைத்திருக்கிறேன், ஓரளவு குறைந்திருக்கிறது. தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் இந்த வகுப்பை மருத்துவத்துக்கு மாற்றாக எண்ணிப் போய்விட வேண்டாம். விண்ணப்பத்திலேயே அதைப் பற்றிக் கேட்கிறார்கள், உண்மையை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

என் பேத்தி சோறு உண்ணும்போது கைபேசியைக் கேட்டு அழுவாள். மின்சாரம் போன ஒரு நாள் மொட்டைமாடியில் ஊட்டினோம், "தாத்தா, நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட முதல் முழுக் கேள்வி அது.

இங்கே எழுதியிருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். 2018இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடமாக மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்கள் முழுவதுமாக விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2025இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், அழைப்பையும் குறுஞ்செய்தியையும் விட்டுவைத்து, கைபேசியின் இணையத்தை மட்டும் இரண்டு வாரம் தடுத்தபோது, கவனம் நிலைப்பதும் மனநலமும் மேம்பட்டன. அந்த நேரத்தை அவர்கள் மனிதரோடு நேரில் பழகுவதிலும் உடற்பயிற்சியிலும் வெளியே இயற்கையோடு இருப்பதிலும் கூடுதலாகச் செலவிட்டிருக்கிறார்கள். ஆகவே இரவுப்பணி சொல்வதும் வைகைக்கரை சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை.

தனியாளாக உறுதி எடுப்பது நிலைப்பதில்லை. கூடிச் செய்தால் நிலைக்கும். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்கான் என்ற ஊரில் 2022 முதல் மாலை ஏழு மணிக்கு சைரன் ஒலி எழுப்பி, எட்டரை மணிவரை ஊரே தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்து வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். நம் வீடுகளில் சாப்பாட்டு நேரத்திலாவது இதைச் செய்யலாம். படுக்கையறையில் சார்ஜ் போடாதீர்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, எழுப்ப அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் வேலை செய்பவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடித் தொலைவில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். திரையைப் பார்க்கையில் கண் இமைப்பது குறைந்துவிடுகிறது. கைபேசி, இணையப் பழக்கம் கைமீறிப்போனவர்களுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. வைகைக்கரை, உங்கள் அப்பாவின் உறக்கமின்மையை அப்படியே விடாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சுமதியின் அக்கா எழுதியது:

ஐயா, கைபேசியை வேறு அறையில் வைக்கச் சொல்கிறீர்கள். என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்குக் கைபேசி பேசுவதற்கான வழி. காணொலி அழைப்பில் கையசைத்துத்தான் நானும் அவளும் ஊர்க்கதை பேசுகிறோம். நள்ளிரவில் அவளுக்கு ஒன்றென்றால் அந்தத் திரை ஒளிர்ந்துதான் எனக்குத் தெரிய வேண்டும். நம் அறிவுரைகளில் இப்படிப்பட்டவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இருந்தாலும் அவளுக்கும் ஓய்வு தேவைப்படுகிறது என்பதைக் கொடை விழாவின்போது கண்டேன். காது கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டும் பேச்சைக் கேட்கலாம். அவளுக்கு எல்லாமே கண் வழியாகத்தான் வர வேண்டும். இரண்டு நாள் சொந்தபந்தங்களின் உதட்டையும் கையையும் பார்த்து, இடையிடையே கைபேசியில் தோழிகளின் செய்திகளையும் படித்து, மூன்றாம் நாள் அவள் முகமே களைத்திருந்தது. வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நான் ஏதோ சொல்லக் கையை உயர்த்தியபோது, அந்தக் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். எங்களுக்குள் அது பேச்சை நிறுத்து என்று பொருள்படும். அதே நேரம் எழுந்து போய்விடாதே என்றும் பொருள்படும். அவள் தூங்கி எழும்வரை நான் அங்கேயே இருந்தேன். இப்போது நாள்தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் அவளுக்கு யாரும் செய்தி அனுப்பக் கூடாது என்று அவளே எங்கள் குடும்பக் குழுவில் அறிவித்திருக்கிறாள். நாங்கள் அதைக் காப்பாற்றி வருகிறோம்.