கன்ட்ரி இசைப் பாடகராகப் பிழைக்க முடியுமா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
வார இறுதிகளில் இந்திராநகர் மதுக்கூடங்களில் கிட்டாருடன் அமெரிக்க நாட்டுப்புற இசையில் வேரூன்றிய கன்ட்ரி பாடல்கள் பாடிவரும் நான், மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்கு வேலையை விடாதீர்கள், தம்பி. டேராடூனைச் சேர்ந்த கன்ட்ரி பாடகர் பாபி கேஷுக்கே ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த் கன்ட்ரி இசை விழாவில் பாடிய பிறகுதான் பெரிய பெயர் கிடைத்தது. இங்கே ரசிகர் வட்டம் அவ்வளவு சிறியது.

மறுமொழி 2:
1925இல் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி இன்றும் நடக்கும் அமெரிக்க நகரமான நாஷ்வில்லில், மேடையேறாமல் பாடல் எழுதியே பிழைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே பிறர் பாடல்களோடு நின்றுவிடாமல் சொந்தமாக எழுதுங்கள். எழுதியவற்றை பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும், மும்பையிலுள்ள ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பதிவு செய்தால், அவை ஒலிபரப்பாகும்போது உரிமைத்தொகை கிடைக்க வழியுண்டு. அமெரிக்க உச்சரிப்பை மட்டும் வலிந்து வரவழைக்காதீர்கள், கேட்கச் சகிக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. பெடல் ஸ்டீல் கிட்டார் (கிடைமட்டமாக வைத்து, மிதிகட்டைகளையும் இயக்கி வாசிக்கும் கிட்டார்) வாசிப்பவர் யாரேனும் இந்நகரில் இருந்தால் தெரிவியுங்கள்.